நினைவுச் சோதனைக்கு டியூஷன்

போன மாதம் ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். நேரம் பார்க்க அல்ல, தூக்கம் பார்க்க. கட்டிக்கொண்டு படுத்தால், எவ்வளவு ஆழமாக உறங்கினோம், எத்தனை முறை விழித்தோம் என்று காலையில் அதுவே சொல்லிவிடும் என்றான் விற்றவன். முதல் இரவு, அதன் வேலையை நான் கெடுத்துவிடக் கூடாதே என்று புரண்டு படுக்காமல், கையை அசைக்காமல், கண்ணை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு விடியும்வரை மல்லாந்து கிடந்தேன். காலையில் கடிகாரம் என்னைப் பாராட்டியது. மிகச் சிறப்பான உறக்கமாம். என் மனைவி அந்தப் பாராட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "அதுக்குத்தான் பொணம் மாதிரி கெடந்தீங்களா? நான் பயந்துபோய் ரெண்டு வாட்டி மூக்குல கை வச்சுப் பாத்தேன்" என்றாள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. படுத்தால், கடிகாரம் என்ன நினைக்குமோ என்ற கவலை.

இதில் கூடுதல் வெட்கம் என்னவென்றால், வேலையில் இருந்த கடைசி வருடங்களில் அடுத்தவர் தூக்கத்தைப் பற்றிக் கேள்வி கேட்டுத்தான் நான் சம்பளம் வாங்கினேன். சுவா என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு சிறிய அரசாங்க கிளினிக்கில் மெடிக்கல் அசிஸ்டன்ட். சுற்றியிருந்த ரப்பர், செம்பனைத் தோட்டங்களின் மக்களுக்கு அந்தப் பெயர் நீளம். அவர்களுக்கு நான் 'டிரஸ்ஸர்'. ஊசி போடுவது, புண் கட்டுவது, டாக்டர் வராத நாளில் டாக்டரைப் போல் முகத்தை வைத்துக்கொள்வது என் வேலை. பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மலாயில் பாடம் கேட்டு, ஆங்கிலத்தில் பரீட்சை எழுதி, தமிழில் பயந்தேன். அவ்வளவுதான்.

வேலையிலிருந்து கொஞ்சம் சீக்கிரமாகவே விலகிக்கொண்டேன். இப்போது அதே கிளினிக்குக்கு என் ரத்த அழுத்த மாத்திரைக்காகப் போகிறேன். என் நாற்காலியில் யோகேஸ்வரி என்ற பெண் இருக்கிறாள். கெட்டிக்காரி. சென்ற முறை போனபோது புதிதாக வந்திருக்கும் பலகைக் கணினியைக் காட்டினாள். நினைவுச் சோதனை இனி அதில்தானாம். ஒவ்வொரு முறையும் சொற்கள் தாமாகவே மாறிக்கொள்ளுமாம்.

"யாரும் முன்கூட்டியே மனப்பாடம் பண்ண முடியாது சார்" என்றாள்.

நான் சிரித்த சிரிப்பு சரியாக இல்லை போலிருக்கிறது. "ஏன் சார்? நினைவு டெஸ்டுக்குப் போய் யாராவது மனப்பாடம் பண்ணுவாங்களா?" என்று கேட்டாள். அங்கே வரிசையில் பலர் காத்திருந்ததால் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் நோராய்னி. கோலாப் பிலா ஊர்க்கார மலாய்ப் பெண்மணி. அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம் ரப்பர் மரம் இருந்ததால், தோட்டத்து மக்களோடு பேசும்போது குரலை உயர்த்தாமலும் தாழ்த்தாமலும் பேசத் தெரிந்தவர். மேசைக்குப் பின்னால் உட்கார மாட்டார். நாற்காலியை இழுத்துக்கொண்டு நோயாளியின் முழங்காலை இடிக்கும் தூரத்தில் வந்து அமர்வார். கோப்பைத் திறக்கும் முன் ஒரே கேள்வி: "தூக்கம் எப்படி?" அதையும் நோயாளியிடம் கேட்க மாட்டார், கூட வந்தவரிடம் கேட்பார். தூங்குகிறவனுக்குத் தன் தூக்கத்தைப் பற்றி என்ன தெரியும், பக்கத்தில் படுப்பவரைக் கேட்க வேண்டும் என்பது அவர் கட்சி. எல்லாம் முடிந்ததும் தானே எழுந்து வாசல்வரை வந்து, கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி, தமக்குத் தெரிந்த இரண்டே தமிழ்ச் சொற்களில், "வேற இருக்கா?" என்பார். உள்ளே அரைமணி நேரம் மறைத்ததை ஜனங்கள் அந்தக் கதவருகே சொல்லிவிடுவார்கள். நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

மூளையின் மெல்லிய ரத்தக் குழாய்கள் கெட்டுப்போகும் நோயை அவர்தான் எனக்குப் புரியவைத்தார். எண்ணெய் தரும் செம்பனை நாற்று மேடையில் தண்ணீர் விடுவதற்குப் பெரிய குழாயிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய்கள் பிரிந்து போகும். பெரிய குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருக்கும். மெல்லிய குழாயில் வண்டல் அடைத்துக்கொள்ளும். அங்கே ஒரு கன்று மஞ்சளாகும், இங்கே ஒரு கன்று மஞ்சளாகும். தூரத்தில் ஜீப்பில் இருந்து பார்க்கிற மேனேஜருக்கு மேடை முழுவதும் பச்சையாகத்தான் தெரியும். "அதுதான் இது" என்றார். பெரிய பக்கவாதம் போல ஒரே நாளில் ஆளைச் சாய்க்காது. நடை சிறுத்துப்போகும். பதில் வரத் தாமதமாகும். மூன்று வேலையை வரிசையாகச் செய்ய வராது. தூக்கம் துண்டு துண்டாகும். இரவில் விழிப்பு, பகலில் உறக்கம். சிலருக்குத் தூக்கத்தில் மூச்சே நின்று நின்று வரும். அப்படி நிற்கும் ஒவ்வொரு தடவையும் அந்த மெல்லிய குழாய்களுக்கு இன்னொரு அடி.

"குழாய் கெட்டதால் தூக்கம் கெடுகிறதா, தூக்கம் கெட்டதால் குழாய் கெடுகிறதா?" என்று கேட்டேன்.

"ஒன்றை ஒன்று துரத்தும் இரண்டு நாய்கள்" என்றார். "எது முன்னால் ஓடுகிறது என்று நீ பார்ப்பதற்குள் தெரு முடிந்துவிடும்."

தூக்கம் பற்றிய கேள்விகளைத் தமிழில் கேட்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். நான் நாவல் படிக்கிற ஆள்; மொழிபெயர்ப்பை நன்றாகவே செய்துவிட்டதாக எண்ணம். 'விடிவதற்கு வெகு முன்பே விழிப்பு வந்துவிடுகிறதா?' என்பது ஒரு கேள்வி. ஒரு மாதம் கேட்டு முடித்து, பழைய பால்மரத் தோட்டத்து ஆட்கள் எல்லாருக்கும் கடுமையான தூக்கக் கோளாறு என்று அறிக்கை கொடுத்தேன். டாக்டர் அதை நெடுநேரம் பார்த்தார். "இது நோயா, வேலையா?" என்றார். விடியும் முன்பே எழுந்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போன உடம்புகள். வேலை நின்று எவ்வளவு காலமானாலும் அந்த நேரத்துக்கு விழித்துக்கொள்ளும். என் அப்பாவும் அப்படித்தான் விழித்துக்கொண்டு, போக இடமில்லாமல், குசினியில் கோப்பி கலக்கிக்கொண்டிருப்பார். அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அது கேள்வித்தாளில் நோயாகத் தெரிந்தது. 'புத்தகம் படிக்கும்போது தூங்கிவிடுகிறீர்களா?' என்ற கேள்விக்கு ஒரு கிழவர், "எடுத்தாத்தானே தம்பி தூங்குறதுக்கு" என்றார். அதற்கு எத்தனை மதிப்பெண் என்று தாளில் போடவில்லை.

நினைவுச் சோதனை வேறு தாள். அதைச் செய்வதற்கு ஒரு முறை உண்டு. மின்விசிறியைத் தவிர வேறு சத்தம் இருக்கக் கூடாது. சுவர்க் காலண்டர் நோயாளியின் கண்ணில் படக் கூடாது. ஐந்து சொற்களை நிதானமாக, ஒரே குரலில், எதையும் அழுத்தாமல் சொல்ல வேண்டும். அவர் திருப்பிச் சொல்வார். பிறகு கடிகாரம் வரையச் சொல்லி, கணக்குக் கேட்டு, பேச்சை வேறு பக்கம் திருப்பி, கொஞ்ச நேரம் கழித்து அந்த ஐந்தையும் மறுபடி கேட்க வேண்டும். அப்போது உதடு அசையும், வார்த்தை வராது. அந்த நேரத்தில் நாம் உதவக் கூடாது. தலையைக்கூட ஆட்டக் கூடாது. என் வேலையில் ஊசியைவிட வலிக்கிற பகுதி அதுதான். எங்கள் கிளினிக்கின் ஐந்து சொற்கள்: குடை, வாழைப்பழம், சாவி, மஞ்சள், படகு.

பெருமாள் அண்ணன் அந்தச் சோதனைக்கு வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. உள்பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் டிராக்டர் ஓட்டியவர். ஒரு நாள் வாய் லேசாகக் கோணி, மறுநாளே நேராகிவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுத்தார்கள். மெல்லிய குழாய்கள் பல இடத்தில் அடைபட்டிருந்தன. அதற்குப் பிறகு தோட்டத்தில் அவரை டிராக்டரிலிருந்து இறக்கி, வாசலில் ஜாகா என்கிற காவல் வேலைக்குப் போட்டார்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்தால் தடுப்புக் கட்டையைத் தூக்க வேண்டும், போனால் இறக்க வேண்டும். வேலை இருக்கும்வரை குவார்ட்டர்ஸ் வீடு. வேலை இல்லை என்றால் வீடும் இல்லை. வேலையில் நீடிக்கலாமா என்று கிளினிக்கில் கேட்டு வரும்படி நிர்வாகம் அனுப்பியிருந்தது.

கூட வந்தவர் அவர் மனைவி லெட்சுமி அக்கா. கல்யாணத்துக்குப் போவது போல் உடுத்தியிருந்தார். புருஷனுக்கும் சட்டை தேய்த்துப் போட்டு, நெற்றியில் விபூதி பூசி, தலையை வாரிவிட்டிருந்தார்.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

"நல்லா இருக்கேன் டிரஸ்ஸரய்யா." கொஞ்சம் தாமதமாக வந்தது பதில். பரவாயில்லை.

"இப்ப நான் ஒரு அஞ்சு வார்த்தை…" என்று ஆரம்பித்தேன்.

"குடை, வாழப்பழம், சாவி, மஞ்சள், படகு" என்றார் பெருமாள் அண்ணன்.

நான் இன்னும் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. லெட்சுமி அக்கா, காலண்டரை நான் கழற்றிவிட்ட ஆணியைக் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவது தாள் ஒன்று இருந்தது. அதிலிருந்து வேறு ஐந்து சொற்களை எடுத்து மெதுவாகச் சொன்னேன். "இப்ப நீங்க சொல்லுங்கண்ணே." அவர் நிமிர்ந்து உட்கார்ந்து, பள்ளிப் பிள்ளை போல் கையைக் கட்டிக்கொண்டு, "குடை, வாழப்பழம், சாவி, மஞ்சள், படகு" என்றார். கடிகாரம் வரையச் சொன்னேன். எத்தனை மணி என்று நான் சொல்லும் முன்பே பத்தேகால் வைத்து முடித்துவிட்டார். அழகான வட்டம். நாலரை வைக்கச் சொன்னேன். பக்கத்தில் இன்னொரு வட்டம் போட்டு மறுபடி பத்தேகால் வைத்தார்.

"தம்பி, கொஞ்சம் வெளியே வாங்களேன்" என்றார் அக்கா.

மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தும் கொட்டகை ஓரமாக நின்றோம். நான் கேட்காமலே சொல்லத் தொடங்கினார். தோட்டத்து வேனில் கிளினிக்குக்கு வருகிறவர்கள், சோதனை முடிந்து கெண்டீனுக்கு வந்ததும், காத்திருப்பவர்கள் 'என்னா கேட்டாங்க?' என்று கேட்பார்களாம். அப்படியே ஐந்து சொல்லும் தோட்டம் முழுக்கப் பரவிவிட்டது. பத்தேகாலும் பரவிவிட்டது. எங்கள் மக்களுக்குப் பரீட்சை என்றால் டியூஷன்தான். லயத்து வீடுகளை விட்டு வெளியே போன பிள்ளைகள் எல்லாம் அந்த வழியாகத்தான் போனார்கள். நானும் அப்படித்தான் வெளியே வந்தேன். பரீட்சை பெரியவர்களுக்கு வந்தபோது அவர்களுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அக்கா தினமும் ஜாகா குடிசையில் புருஷன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு லாரி வரும்போதும் ஐந்து சொல்லையும் ஒப்பித்த பிறகுதான் கட்டையைத் தூக்க வேண்டும். அவர் தடுமாறினால் பங்களாதேஷ் டிரைவர் ஒருவன் லாரிக்குள் இருந்தே "குடை! குடை!" என்று எடுத்துக் கொடுப்பானாம்.

"இப்ப கட்டைய யாருக்கா தூக்குறது?"

"நான்தான். அவரு தூங்கிருவாரு." பிறகு, "பாஸ் போட்டு விட்டுருங்க தம்பி" என்றார்.

"அக்கா, இதுல பாஸ் பெயிலெல்லாம் கெடையாது."

"ஏன் கெடையாது? வேலையில வச்சிக்கலாம்னு எழுதுனா பாஸ். வேணாம்னு எழுதுனா வீட்டக் காலி பண்ணணும். அதுக்குப் பேரு என்னா?"

நான் தூக்கக் கேள்விக்குத் தாவினேன்.

"ராத்திரி தூங்குறாராக்கா? எங்கிட்டயாவது நெசத்த சொல்லுங்க."

"நீ நம்ம புள்ளன்னு சொல்றேன், உள்ள போய் சொல்லிராத. படுத்ததும் கொறட்ட விடுவாரு. லைன் முழுக்கக் கேக்கும். திடீர்னு நின்னுரும் பாரு, அதான் பயம். நான் அப்படியே கேட்டுக்கிட்டே கெடப்பேன். வராது. காலால ஒரு ஒத வுட்டன்னா 'ஹக்'னு மூச்சு வரும். அப்புறம் எந்திரிச்சு நடப்பாரு. அடுப்பத் தொறப்பாரு, கதவத் தொறப்பாரு. நாய்ங்கல்லாம் பழக்கம், யாராச்சும் கூட்டியாந்து வுட்ருவாங்க."

"எவ்வளவு நாளா இப்படி?"

"புருசன ஒதைக்கிறத யாராச்சும் கணக்கு வச்சிக்குவாங்களா லா?" என்றார். எங்கள் ஊர்ப் பேச்சின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் அந்த 'லா'வில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது. அது கடைசிச் சிரிப்பு என்று எனக்குத் தெரியாது.

டாக்டர் பல மாதமாகத் தேடிக்கொண்டிருந்த சாட்சி இதுதான். மூச்சு நிற்பதைப் பக்கத்தில் படுத்துக் கேட்ட ஆள். இதைச் சொன்னால் தூக்கத்தைச் சோதிக்க அனுப்பலாம்; முகத்தில் மாட்டிக் காற்று ஊதும் இயந்திரம் கிடைக்கலாம். புத்தி திரும்பும் என்று யாரும் சொல்லவில்லை. பகலில் விழித்திருப்பார், மேலும் கெடுவது மெதுவாகலாம். அதுவும் 'லாம்'தான். சொல்லாவிட்டால் வீடு இருக்கும். அந்த வீட்டுக்குள் ஆள் கொஞ்சம் கொஞ்சமாக இல்லாமல் போவார்.

நான் என்ன செய்தேன்? தாளில் மதிப்பெண் போடாமல் டாக்டரிடம் கொடுத்து, "நீங்களே பார்த்துவிடுங்கள்" என்றேன். இப்படிக் கைகழுவுவதற்கு அரசாங்க வேலையில் 'ரெஃபரல்' என்று மரியாதையான பெயர் இருக்கிறது.

டாக்டர் வழக்கம்போல நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். முழங்கால் இடிக்கும் தூரம். "தூக்கம் எப்படி?" என்று அக்காவிடம் மலாயில் கேட்டார்.

"பாகுஸ், டாக்டர்" என்றார் அக்கா. ரொம்ப நல்லது என்று அர்த்தம். "மாலாம் தீடோர் பாகுஸ்." இரவில் நன்றாகத் தூங்குகிறார். கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ரத்த அழுத்தக் கருவியைச் சரிபார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

மேற்கொண்டு சில கேள்விகள். எல்லாவற்றுக்கும் அக்காவே பதில் சொன்னார். டாக்டர் எழுந்து அவர்களுடன் வாசல்வரை நடந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, "வேற இருக்கா?" என்றார்.

"பாஸா டாக்டர்?" என்று கேட்டார் பெருமாள் அண்ணன்.

அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு நம்பிக்கை. டாக்டர் கதவை மூடினார். இருவரையும் மறுபடி உட்காரவைத்தார். பெருமாள் அண்ணனிடம், காலையில் முதல் லாரி எப்போது வரும் என்று கேட்டார். அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். தாடை தொங்கியது. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் தூங்கிவிட்டார்.

முதலில் குறட்டை வந்தது. பிறகு, அக்கா சொன்னதுபோலவே, நின்றது. நெஞ்சு அசைகிறது, மூச்சு வரவில்லை. டாக்டர் அசையவில்லை; சுவர்க் கடிகாரத்தை மட்டும் பார்த்தார். நானும் பார்த்தேன். லெட்சுமி அக்கா எங்கள் இருவரையும் பார்த்தார். கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அடக்கிக்கொண்டுதான் இருந்தார். நான் அவர் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் போடும் அந்தச் செருப்புக்குள் விரல்கள் சுருங்கின, விரிந்தன. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. சேலைக்குள்ளிருந்து கால் வந்து புருஷனின் கெண்டைக்காலில் ஓர் உதை விட்டது.

மூச்சு வந்தது. பெருமாள் அண்ணன் கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்து, மரியாதையாக, "குடை" என்றார்.

அக்கா அழவில்லை. தலையை மட்டும் குனிந்துகொண்டார். டாக்டர் அவர் கையைப் பிடித்து, "எத்தனை வருடமாக இவரை உயிரோடு வைத்திருக்கிறீர்கள்?" என்று மலாயில் கேட்டார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அக்காவுக்குப் புரிந்திருக்கும்.

அவர்களை வெளியே உட்காரவைத்துவிட்டு நான் திரும்பி வந்தேன். "வீடு போய்விடும் டாக்டர்."

"தெரியும்."

"வேறு வழி…"

"அந்த வாசலில் லாரி வருகிறது. லாரி வரும் பாதையில்தான் பள்ளிப் பிள்ளைகள் சைக்கிளில் போகிறார்கள். கட்டையைத் தூக்குவது அவர் மனைவி. ஒரு நாள் அந்த அம்மாவுக்குக் காய்ச்சல் வரும்." கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். "நீ வேறு வழி சொல். நான் அதை எழுதுகிறேன்."

எனக்கு ஒரு வழியும் தோன்றவில்லை. அவர் எழுதினார். ஜாகா வேலைக்கு ஏற்றவர் அல்ல, முடிந்தால் வேறு இலேசான வேலை கொடுத்து வீட்டை விட்டுவைக்கவும் என்று தோட்டத்துக்கு. தூக்கத்தைச் சோதிக்கும்படி பெரிய ஆஸ்பத்திரிக்கு. தோட்டத்து நிர்வாகம் மிகவும் நயமாக நடந்துகொண்டது. இலேசான வேலை எதுவும் இல்லை என்று வருத்தம் தெரிவித்தது. சாமான் ஏற்ற லாரி இலவசமாகக் கொடுத்தது. அந்தச் செய்தி வந்த அன்று டாக்டரிடம் சொன்னேன். அவர் என்னைப் பார்க்காமல், "அடுத்தவரைக் கூப்பிடு" என்றார். அப்போது எனக்குக் கோபம் வந்தது. வெளியே வராண்டா நிறைய ஆட்கள். கூப்பிட்டேன்.

அவர்கள் பட்டணத்தை ஒட்டிய பாரோயில் மகள் வீட்டுக்குப் போனார்கள். அடுக்குமாடி, மேல் மாடி. தோட்டத்தில் இரவில் எழுந்து நடந்தால் நாய்க்கும் ஆளுக்கும் அவரைத் தெரியும். பாரோயில் யாருக்குத் தெரியும்? முதல் வாரமே கார் நிறுத்துமிடத்தில் நின்று, வருகிற கார்களை மறித்து ஐந்து சொல்லையும் ஒப்பித்திருக்கிறார். ஒருவர் போலீஸைக் கூப்பிட்டுவிட்டார். பிறகு இரும்புக் கதவுக்குப் பூட்டு. பூட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டே நிற்பாராம். மருமகன் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. தூங்க வேண்டிய நேரத்தில் அவருக்கும் தூக்கம் போனது. தூக்கம் கெடுவது தொற்றுநோய் அல்ல என்று பாடத்தில் படித்திருக்கிறேன்.

சோதனைக்கு முறை வர வெகுகாலம் ஆனது. வந்தபோது உடம்பெங்கும் ஒயர் ஒட்டி ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தார்கள். நாற்காலியில், வேனில், பேச்சுக்கு நடுவில் தூங்குகிற மனிதர் அன்று கண்ணை மூடவில்லை. மறுபடி ஒரு காத்திருப்பு. கடைசியில் இயந்திரம் வந்தது. முகத்துக்கு ஒரு மூடி, மூக்கிலிருந்து நீளமாக ஒரு குழாய். மாட்டுவது எப்படி என்று காட்ட லெட்சுமி அக்கா தன் முகத்தில் மாட்டிக்கொண்டார். பெருமாள் அண்ணன் உற்றுப் பார்த்தார். தும்பிக்கை! உடனே தலையில் குட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட ஆரம்பித்துவிட்டார். எத்தனை சொல்லியும் சாமியைத் தன் முகத்தில் மாட்டிக்கொள்ள அவர் ஒப்பவில்லை. சாமிக்குப் பக்கத்தில் படுக்கவும் ஒப்பவில்லை. ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் சொல்லிப் புரியவைத்திருக்கலாம். இந்த 'லாம்'களை வைத்துக்கொண்டுதான் நான் ஓய்வு பெற்றேன்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு மதியம் அவர்களைப் பார்க்கப் போனேன். பெருமாள் அண்ணன் ஜன்னலோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்; இப்போதெல்லாம் பகலிலும் கண்ணை மூடுவதில்லையாம். என்னைத் தெரியவில்லை. அக்காவையும் 'ஏம்மா' என்றுதான் கூப்பிட்டார். யாரோ பக்கத்து வீட்டு அம்மா என்று எண்ணம். கை மட்டும் நாற்காலியின் பிடியைத் தூக்குவதும் இறக்குவதுமாக இருந்தது. இயந்திரம் சாமி மேடைக்குப் பக்கத்தில், குங்குமப் பொட்டோடு இருந்தது. அக்கா இளைத்திருந்தார். கண்ணுக்குக் கீழே கருப்பு. அவர் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுவதையும் பார்த்தேன். யாரும் அவரை உதைத்து எழுப்பவில்லை. அவரே திடுக்கிட்டு எழுந்து புருஷனின் மூச்சைப் பார்த்துக்கொண்டார்.

எனக்கு ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது. அக்கா கலக்கிக் கொடுத்த மைலோவைக் கையில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். மெல்லிய குழாய்கள் எப்படி அடைபடுகின்றன என்று சொன்னேன். நாற்று மேடை உதாரணம் சொன்னேன். தோட்டத்து வீட்டிலேயே இருந்திருந்தாலும் இது இப்படித்தான் ஆகியிருக்கும், கொஞ்சம் முன்னே பின்னே இருந்திருக்கலாம் என்றேன். சொல்லும்போதே அதை நான் நம்பவில்லை என்று என் குரலுக்குத் தெரிந்தது. ஆகவே இன்னும் நீளமாகச் சொன்னேன். டாக்டர் எழுதியது சரி என்றேன். சரியானதைச் செய்தும் கெட்டது நடக்கும் என்றேன். கிளினிக், ஆஸ்பத்திரி, தோட்டம், குவார்ட்டர்ஸ், இவையெல்லாம் தனித்தனி அறைகள், நடுவில் கதவு இல்லை என்று ஏதோ கட்டுரை எழுதுவது போலக்கூடப் பேசினேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. அவர் கண் முழுக்கப் புருஷன் பக்கமே இருந்தது. என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் நினைத்தேன். சொல்வதற்கு இனி ஒன்றும் இல்லை என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, மைலோவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.

அக்கா உதட்டில் விரலை வைத்து, சன்னமான குரலில் சொன்னார்:

"நிறுத்தாதீங்க தம்பி. இன்னும் கொஞ்சம் பேசுங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல. ஆனா நீங்க பேச ஆரம்பிச்சதும் அவரு தூங்கிட்டாரு."